மை காட்டும் முகம்

தொலைவில் நடப்பதை இருந்த இடத்தில் இருந்தபடியே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைக்கு ஒவ்வொரு நாட்டுக் கதையும் ஒரு வழி வைத்திருக்கிறது. பாரதத்தில் குருட்டு அரசனுக்குப் போர்க்களத்தை ஒப்புவிக்கச் சஞ்சயனுக்கு ஞானக்கண் கிடைக்கிறது. மணிமேகலை மணிபல்லவத்துப் புத்த பீடிகையை வணங்கியதும் தன் முற்பிறப்பைக் காண்கிறாள். அந்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்வோர் பலர். டோல்கீன் 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்ட ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ கதையில் பலன்டீர் என்ற கரும்பளிங்கு உருண்டைகள் வருகின்றன. உற்றுப் பார்ப்பவருக்கு நெடுந்தொலைவில் உள்ள இடமும் ஆளும் அதில் தெரியும். அந்தக் கற்களுக்கு டோல்கீன் விதித்த விதி கவனிக்கத்தக்கது. கல் பொய் காட்டாது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தேர்வதற்கு மட்டும் வலியவன் ஒருவனால் முடியும். டெனதோர் என்ற கோமகன் மெய்க் காட்சிகளையே பார்த்துப் பார்த்து நம்பிக்கையிழந்து அழிந்துபோகிறான். ஆக, மாயக்கதையில்கூடப் பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் அதற்குள் வரும் படம் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்பதைக் கதாசிரியர் ஒப்புக்கொள்கிறார். இந்த ஒரு நிபந்தனையை மனதில் வைத்துக்கொண்டு நம்மூர்க் கருவிக்கு வருவோம்.

வன்னியில் இதே வேலைக்கு ஒரு வெற்றிலையும் ஒரு துளி மையும் போதும். எண்ணெய் விளக்கின் புகைக்கரியைச் சட்டியின் அடியில் படியவிட்டு, வழித்தெடுத்து, நெய்யோ ஆமணக்கெண்ணெயோ விட்டுக் குழைத்தால் மை. மூலிகை, மந்திர உரு, குருவின் வாக்கு என்று மேலே சேர்வதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். வெற்றிலையின் வழவழப்பான பக்கத்தில், அல்லது உள்ளங்கையில், பெருவிரல் நகத்தில் அதைப் பூசி, விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கச் சொல்வார்கள். பல வேளைகளில் பார்ப்பது மந்திரம் தெரிந்தவர் அல்லர். அவர் கூட்டி வைத்திருக்கும் ஒரு சின்னப் பிள்ளை. அஞ்சனம் என்று சொன்னாலும் மை பார்ப்பது என்று சொன்னாலும் இதுதான். தொலைந்த மாடு, களவு போன நகை, புதையல், செய்வினை வைத்த ஆள் என்று கேள்விகள் இருந்தன. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு இன்னொரு கேள்வி எல்லாவற்றையும் பின்தள்ளிவிட்டு முன்னுக்கு வந்தது: பிள்ளை உயிரோடு இருக்கிறானா, எங்கே இருக்கிறான்? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் ஆணைக்குழுக்களின் வாசலுக்கும் சாத்திரம் சொல்பவர்களின் வாசலுக்கும் மாறி மாறிப் போய்வந்ததை வன்னியில் அறியாதவர் இல்லை. எனவே இந்த அத்தியாயம் மூடநம்பிக்கையைப் பார்த்துச் சிரிப்பதற்காக எழுதப்படவில்லை. மையில் ஏதோ தெரிகிறது என்று சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, அவர் பார்க்கிறார். அந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

முதலில் ஒளியைப் பார்ப்போம். நல்ல முகக்கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும். எண்ணெய் படர்ந்த கரும்பரப்பு நேராக விழும் ஒளியில் நூற்றில் நான்கு பங்கு அளவையே திருப்புகிறது. மற்றதைக் கரி விழுங்கிவிடும். அதாவது மையும் ஒரு கண்ணாடிதான், ஆனால் மிக மங்கலான கண்ணாடி. துளி குவிந்து நின்றால் குவியாடியாகவும் வேலை செய்யும்: அறை முழுவதும், விளக்கும், குனிந்து பார்ப்பவரின் தலையும், சுற்றி நிற்பவர்களும் கடுகளவில் நிமிர்ந்த படமாக அதில் அடங்கிவிடுவார்கள். விளக்குச் சுடர் அசைய அசைய அந்தக் கடுகளவு உருவங்களும் அசையும். “சின்னச் சின்ன ஆக்கள் நடமாடினம்” என்று பிள்ளை சொன்னால் அதில் கற்பனை ஏதும் தேவையில்லை. உண்மையிலேயே சின்னச் சின்ன ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். அதே அறையில் நிற்பவர்கள்தான்.

அடுத்தது கண். விழித்திரையின் நடுப்பகுதி பகல் வெளிச்சத்துக்கானது. மங்கல் ஒளியில் வேலை செய்யும் கோல் உயிரணுக்கள் அந்த நடுப்புள்ளியில் கிடையாது. விலகி ஓரங்களில்தான் அடர்ந்திருக்கின்றன. மங்கலான நட்சத்திரம் ஒன்றை நேரே பார்த்தால் மறைவதும் சற்று விலகிப் பார்த்தால் தெரிவதும் இதனால்தான். இதை எந்த இரவிலும் வாசகர் சோதித்துக்கொள்ளலாம். மையை நேரே உற்றுப் பார்க்கச் சொல்வது, கண்ணின் மிகக் கூரிய பகுதியை அது வேலை செய்யாத வெளிச்சத்தில் வேலை வாங்குவதற்குச் சமம். இதற்கு மேல், சுவிட்சர்லாந்து மருத்துவர் ட்ரொக்ஸ்லர் 1804இல் கண்டறிந்த ஒரு விளைவு இருக்கிறது. பார்வையை ஓர் இடத்தில் அசையாமல் நிறுத்தினால் சுற்றியுள்ள மாறாத உருவங்கள் சில விநாடிகளில் மங்கி மறையத் தொடங்கும். நரம்புகள் மாற்றத்தைத்தான் அறிவிக்கும். மாறாததை அறிவிப்பது அவற்றுக்கு வீண்செலவு. மறைந்த இடத்தை மூளை வெறுமையாக விடாது, அக்கம்பக்கத்தில் இருப்பதைக் கொண்டோ தனக்குத் தெரிந்ததைக் கொண்டோ நிரப்பும். மூளை மிக எளிதில் கட்டியெழுப்பும் உருவம் முகம். முகத்தை அறிவதற்கென்றே மூளையின் கீழ்ப்புறத்தில் ஒரு பகுதி தனித்துச் செயற்படுவதை 1997இல் நான்சி கன்விஷர் குழுவினர் காட்டினார்கள். இரண்டு புள்ளியும் ஒரு கோடும் கிடைத்தால் போதும், அது விழித்துக்கொள்ளும்.

இவை எல்லாம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை இத்தாலிய ஆய்வாளர் ஜொவானி கபுற்றோ 2010இல் வெளியிட்ட சோதனை காட்டுகிறது. மந்திரமில்லை, பூசையில்லை. மங்கலான அறை, பார்ப்பவருக்குப் பின்னால் 25 வாட் மின்குமிழ் ஒன்று, எதிரே சாதாரணக் கண்ணாடி. ஐம்பது பேரைத் தனித்தனியாக இருத்திப் பத்து நிமிடம் தங்கள் முகத்தையே பார்க்கச் சொன்னார். 66 வீதமானோர் தங்கள் முகம் பெரிதும் உருக்குலைந்ததைக் கண்டார்கள். 28 வீதமானோர் முன்பின் அறியாத ஆளைக் கண்டார்கள். 48 வீதமானோர் கண்டது விசித்திர உருக்களும் பூதங்களும். 18 வீதமானோருக்குத் தாய் அல்லது தந்தையின் முகம் தெரிந்தது. அந்தப் பெற்றோரில் சிலர் அப்போது உயிரோடில்லை. இவர்கள் எதையும் எதிர்பார்த்து வந்தவர்கள் அல்லர். யாரையும் தேடி வந்தவர்களும் அல்லர். பல ஆண்டு தேடியலைந்த ஒரு தாய், மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, மந்திர ஒலிக்கு நடுவே மையைப் பார்க்கும்போது அவளுக்கு மகனின் முகம் தெரியாமல் போனால்தான் வியப்பு. இதில் மனநோயும் கிடையாது. டெவி றீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்த துணையை ஏதோ ஒரு வகையில் உணர்ந்ததாகவும் சிலர் கண்ணாலேயே கண்டதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இதை அதுவரை எவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆனால் வன்னியில் தாயே மையைப் பார்ப்பது குறைவு, பிள்ளைதான் பார்க்கிறது. காணாமல் போனவரை அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. தெரியாத பிள்ளை எப்படிச் சரியாகச் சொல்லும்? இந்த வழக்கத்தின் பக்கம் நின்று பேசுபவர்கள் எழுப்பும் வலுவான ஆட்சேபம் இதுதான். பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அதன் அடித்தளம். இதற்கு இரண்டு பழைய பதிவுகள் உதவுகின்றன. தென்னிந்திய முஸ்லிம்களின் வழக்கங்களை விவரித்து ஜாபர் ஷரீப் எழுதி, ஹெர்க்லொட்ஸ் ஆங்கிலமாக்கி 1832இல் வெளிவந்த ‘கானூனே இஸ்லாம்’ அஞ்சனத்தை விவரிக்கிறது. பிள்ளைக்கு முதலில் பெருக்குபவர் தெரிவார், பிறகு தண்ணீர் தெளிப்பவர், பிறகு விரிப்பு விரிப்பவர், கடைசியில் அரசன் வந்து அமர்வான். எட்வர்ட் லேன் கெய்ரோவில் கண்டு 1836இல் எழுதியதிலும் பிள்ளையின் உள்ளங்கை மைக்குள் முதலில் தெரிவது நிலம் பெருக்கும் மனிதன். பிறகு கொடிகள், கூடாரம், படை, சுல்தான். ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் ஒரே வரிசை. வெளியே உண்மையாகவே இருக்கும் ஒன்றைத்தான் இருவரும் பார்த்தார்கள் என்று இதற்குப் பொருள் சொல்லலாம். ஆனால் அரபு, பாரசீக வழக்கங்கள் கப்பலேறித் தென்னிந்தியா வந்தது வரலாறு. ஒரே மரபு இரண்டு கரையில் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அந்த வரிசையிலேயே ஒரு சூட்சுமமும் இருக்கிறது. தொடக்கத்தில் பிள்ளையிடம் கேட்கப்படுவது மிகச் சிறியது: ஏதாவது அசைகிறதா, யாராவது பெருக்குகிறாரா? சுடர் அசைவதால் அதற்கு “ஓம்” என்பதே பொருத்தமான பதில். ஒரு “ஓம்” வந்துவிட்டால் அடுத்த “ஓம்” எளிது. அரசன் வந்து அமரும்போது பிள்ளை ஒரு டசின் தடவை ஒப்புக்கொண்டிருக்கும்.

லேன் பதிவில் இன்னொரு காட்சி பெயர் பெற்றது. கடற்படைத் தளபதி நெல்சனை அழைக்கும்படி அவர் கேட்டார். பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத சிறுவன் கருநிற ஐரோப்பிய உடையணிந்த ஒருவரைக் கண்டான். இடது கை இல்லை என்றான். பிறகு குனிந்து உற்றுப் பார்த்து, இல்லை, கை நெஞ்சின்மேல் கிடக்கிறது என்று திருத்தினான். நெல்சன் கை இழந்தவர், வெறும் சட்டைக்கையை நெஞ்சில் குத்தியிருப்பவர் என்பதால் லேன் அதிர்ந்துபோனார். நெல்சன் இழந்தது வலது கை. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியுமல்லவா என்று அதற்கும் சமாதானம் கிடைத்தது. இந்தக் காட்சியை மெதுவாகப் பிரித்துப் பார்த்தால் மை பார்த்தலின் முழு இயக்கமும் தெரியும். சிறுவன் இரண்டு முரணான விடை சொன்னான், இரண்டும் சரியாக எடுத்துக்கொள்ளப்பட்டன. கை தவறாக இருந்தது, அந்தத் தவறும் சரியாக்கப்பட்டது. விடையைப் பொருத்திய மூளை சிறுவனுடையதல்ல, நெல்சனை அறிந்த லேனுடையது. பிற்காலத்தில் லேன் தரப்பே மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒஸ்மான் என்பவரை ஐயுற்றது. கேள்வியை மொழிபெயர்த்தவரே விடையையும் கசியவிட்டிருக்கலாம். பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது பாதி உண்மை. பெரியவர் எதிர்பார்ப்பதை உணர்ந்து சொல்ல அதற்கு நன்றாகத் தெரியும், அதுவும் தான் உணர்ந்தது தெரியாமலே. மிஷேல் லெய்ச்மனும் ஸ்டீபன் செசியும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், பாலர் வகுப்புக்கு ஓர் அந்நியர் வந்து இரண்டு நிமிடம் நின்று போனார், எதையும் தொடவில்லை. அவர் கைபட்டால் எதுவும் உடையும் என்று முன்கூட்டியே கதை சொல்லி, பின்னர் தூண்டும் கேள்விகளும் கேட்டுவந்த குழுவில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில் 46 வீதமானோர் அவர் புத்தகத்தைக் கிழித்தார் அல்லது பொம்மையை அழுக்காக்கினார் என்று தாமாகவே சொன்னார்கள். பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. நினைவே அப்படி அமைந்துவிட்டது.

பெரியவர்கள் கூடி நிற்கும் சபைக்கும் இது பொருந்தும். முசாபர் ஷெரிப் 1935இல் இருட்டறையில் அசையாத ஓர் ஒளிப்புள்ளியைக் காட்டினார். இருட்டில் ஒற்றைப் புள்ளி அசைவதாகத் தோன்றுவது கண்ணின் இயல்பு. எவ்வளவு தூரம் அசைகிறது என்று தனித்தனியே கேட்டபோது ஆளுக்கொரு அளவு சொன்னவர்கள், கூடியிருந்து சொல்லத் தொடங்கியதும் ஒரே அளவை நோக்கி நெருங்கினார்கள். இல்லாத அசைவுக்கு எல்லோரும் சேர்ந்து ஓர் அளவு நிர்ணயித்துவிட்டார்கள். நாலுபேர் கண்டதாகச் சொல்வதால் மட்டும் ஒரு காட்சி உறுதிப்படாது. நாலுபேரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்காமல் கண்டார்களா என்பதைப் பார்க்க வேண்டும்.

“சொன்னது அப்படியே பலித்ததே” என்பது அடுத்த ஆட்சேபம். இங்கே வன்னி நிலத்தையே சான்றுக்கு அழைக்கலாம். பட்டி மாடுகள் காட்டோரம் அவிழ்ந்து மேயும் ஊர் இது. மாரி மழை ஐப்பசி முதல் தை வரை, அதன்பின் நெடுங்கோடை. சித்திரைக்குப் பின் தொலைந்த மாட்டை மை பார்த்து, “தண்ணிக் கரையோரம் நிக்குது, பக்கத்திலை பெரிய மரமொண்டு தெரியுது” என்றால் அது பலிக்காமல் எங்கே போகும்? கோடையில் மாடு தண்ணீரைத் தேடித்தான் போகும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு என்று பெருங்குளங்களும் அவற்றுக்கு இடையே எண்ணற்ற சிறுகுளங்களும் நிறைந்த நிலத்தில் எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு குளக்கட்டு வரும், கட்டோரம் ஒரு மருதமரம் நிற்கும். மை இல்லாமலே ஒரு பட்டிக்காரர் இதே விடையைச் சொல்வார், கூலியும் கேட்கமாட்டார். பேட்ரம் ஃபோரர் 1948இல் தம் மாணவர் 39 பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனியே எழுதியது போலக் காட்டி ஒரே குணக்குறிப்பைக் கொடுத்தார்; பொருத்தத்துக்கு மாணவர் இட்ட சராசரிப் புள்ளி ஐந்தில் 4.26. எல்லோருக்கும் பொருந்துவதைத் தனக்கென்று சொன்னதாக எடுத்துக்கொள்வது மனித இயல்பு. “உயரமான சுவர் தெரியுது, உடுப்புப் போட்ட ஆக்கள் நிக்கினம், பிள்ளை மெலிஞ்சுபோனான்” என்ற வாசகமும் அந்த வகைதான். 2009க்குப் பின்னான இலங்கையில் தடுப்பில் இருக்கும் ஒருவரைப் பற்றி இதைவிடப் பொதுவான வாசகம் இருக்க முடியாது. கேட்கும் தாய்க்கோ அது தன் பிள்ளையின் அடையாளம்.

களவு போன நகை திரும்பி வருவது வேறு கதை. அதை நான் மறுக்கமாட்டேன், உண்மையிலேயே அடிக்கடி திரும்பி வரக்கூடும். சிறிய ஊரில் எடுத்தவர் பெரும்பாலும் அயலவர். “வெள்ளிக்கிழமை மை பார்க்கப்போறம்” என்று வீட்டுக்காரர் உரக்கச் சொன்னால், மையை நம்பும் கள்ளன் வியாழக்கிழமை இரவே நகையைக் கிணற்றடியில் போட்டுவிடுவான். இங்கே வேலை செய்தது மையல்ல, மை பற்றிய அறிவிப்பு. கருவி ஒன்றையும் காணாமலே பயன் தருவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அதே நம்பிக்கை குற்றமற்ற ஒருவர் மேல் விரல் நீட்டினால் அவருக்கு மேன்முறையீடு கிடையாது.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் போகிறார்கள்? வாழ்க்கை கைமீறும்போது மனிதர் இல்லாத கோலங்களைக் காண்பார்கள் என்று 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் விட்ஸனும் கலின்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வைப் பொதுவாசிப்பு நூல்கள் விரும்பி மேற்கோள் காட்டும். பின்னாளில் அதே விளைவை மற்றவர்கள் தேடியபோது கிடைக்கவில்லை. ஆகவே அதை இங்கே சான்றாக வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் காரணம் சோதனைச்சாலையில் இல்லை, அலுவலகங்களின் வாசலில் இருக்கிறது. வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்து 1970களில் போலின் பொஸ் விளக்கிய நிலை வன்னிக்கு அப்படியே பொருந்தும்: ஆள் இல்லை, ஆனால் இறந்ததாக உறுதியும் இல்லை, அழவும் முடியாது, விடவும் முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியின் கூட்டு உளவடு பற்றி எழுதிய ஆய்வில், போர் தனியாட்களை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் குலைத்ததைப் பதிந்திருக்கிறார். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய உறவுகளின் போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் 2016இல் நிறைவேறியது. விடை மட்டும் வரவில்லை. கேட்ட கேள்விக்கு அரசு பத்து ஆண்டுக்கு மேலாகப் பதில் சொல்லாத இடத்தில், மை பத்து நிமிடத்தில் பதில் சொல்கிறது. பதில் சொல்வதுதான் அதன் கவர்ச்சி. அதுவே அதன் குறையும்கூட: மை ஒருபோதும் “தெரியாது” என்று சொல்வதில்லை.

உண்மையான தொலைநோக்குக் கருவிகள் அடிக்கடி அப்படிச் சொல்லும். வானத்திலிருந்து வன்னியைப் பார்த்த ஒரு பலன்டீர் உண்மையிலேயே இருந்தது. 2009 மே மாதத்தில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம், மே 6, மே 10 ஆகிய நாட்களில் எடுக்கப்பட்ட செய்மதிப் படங்களை ஒப்பிட்டு, பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் கூடாரங்கள் அகன்றிருப்பதையும் குழிகள் தோன்றியிருப்பதையும் வெளியிட்டது. அக்காலத்து வணிகச் செய்மதிக்கு எட்டிய நுட்பம் ஏறத்தாழ அரை மீற்றர். மேலிருந்து பார்த்தால் ஓர் ஆள் ஒரு புள்ளி. அந்தப் படம் குழியைக் காட்டியது, முகத்தைக் காட்டவில்லை, காட்டுவதாகச் சொல்லவும் இல்லை. நிலத்துக்கடியில் பார்க்கும் றேடாரும் எலும்பைக் காட்டாது. மண் முன்பு கிளறப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும், அதுவும் உலர்ந்த மணலில் நன்றாகவும் உப்பேறிய களியில் மிக மோசமாகவும் சொல்லும். நந்திக்கடல் ஓரத்து ஈரநிலம் அதற்கு ஏறக்குறையக் குருட்டுநிலம். இந்த எல்லைகளைக் கருவியை விற்பவரே எழுதித் தருகிறார்.

இங்கே கெட்டிக்கார வாசகர் ஒருவர் குறுக்கிடலாம்: றேடார்ப் படமும் கறுப்பு வெள்ளைக் கோடுகள்தானே, அதையும் நிபுணர் ஒருவர் வாசித்துத்தானே சொல்கிறார், அவர் மூளையும் மூளைதானே? சரியான கேள்வி. வாசிப்பவர் ஏமாறுவது எங்கும் நடக்கும். வேறுபாடு அடுத்த படியில் இருக்கிறது. றேடார் காட்டிய இடத்தைத் தோண்டலாம்; தோண்டினால் வாசிப்பு பொய்க்கலாம். மன்னார் சதொச வளவில் 2018இல் தோண்டத் தொடங்கி 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டபோது அவை அண்மைப் போர்க்காலத்தவை என்ற எதிர்பார்ப்பு வலுவாக இருந்தது. அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வகம் ஆறு மாதிரிகளின் கரிமக் காலக்கணிப்பை 2019 மார்ச்சில் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டதாகத் தெரிவித்தது. எவரும் எதிர்பார்க்காத, பலர் விரும்பாத விடை. மாதிரி எடுத்த முறை சரியா, ஆறு மாதிரி போதுமா என்று கேள்வியும் எழுந்தது. கேட்க முடிந்தது என்பதே கருவியின் சிறப்பு. முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் 29 அன்று நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியவர்களின் மண்வெட்டியில் மனித எச்சம் தட்டுப்பட்டது. எந்த மையும் அந்த இடத்தைக் காட்டியிருக்கவில்லை. தொல்லியலாளர் ராஜ் சோமதேவ முன்னின்ற அகழ்வில் உடைகளும் இலக்கத் தகடுகளும் கிடைத்தன. புதைக்கப்பட்ட காலம் 1994க்கும் 1996க்கும் இடைப்பட்டது என்று அவர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன.

ஆறுதல் தருகிறதே, அதைக் கெடுப்பானேன் என்பது கடைசி ஆட்சேபம். இதற்கு எளிய பதில் இல்லை. விடை தர வேண்டியவர்கள் தராதபோது ஆறுதலைப் பறிக்கும் உரிமை நூலெழுதுபவருக்கு இல்லை. ஆனால் மை வெறும் ஆறுதலோடு நிற்பதில்லை, ஒன்றை எடுத்துக்கொண்டும் போகிறது. எலிசபெத் லொப்டஸ் 1974 முதல் செய்துவந்த ஆய்வுகள் காட்டுவது, நினைவு ஒவ்வொரு தடவை கிளறப்படும்போதும் கேட்கப்பட்ட கேள்வியின் சாயத்தை ஏற்றுக்கொள்கிறது என்பதை. கார் “மோதியது” என்பதற்குப் பதில் “நொறுங்க மோதியது” என்று கேட்டாலே, இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகச் சிலருக்கு நினைவு வருகிறது. மையில் மகன் நீலச் சட்டையோடு தெரிந்தான் என்று கேட்ட தாய்க்கு, நாளடைவில் அவன் கடைசியாகப் போட்டிருந்ததும் நீலச் சட்டையாகிவிடக் கூடும். எலும்போடு கிடைக்கும் உடுப்பை அடையாளம் காட்ட வேண்டிய நாளில் அவளுடைய சாட்சியம்தான் மிகப் பெறுமதியானது. அதைத்தான் மை தின்கிறது.

எனவே மை பார்க்கப் போக வேண்டாம் என்று சொல்வதைவிடப் பயனுள்ள ஒன்றைச் சொல்லலாம். போவதற்கு முன் எழுதி வையுங்கள். கடைசியாகக் கண்ட நாள், இடம், கூட நின்றவர், உடுத்திருந்தது என்ன, தைத்ததா வாங்கியதா, பொத்தான் மாற்றியதா, செருப்பின் அளவு, எந்தப் பல் இல்லை, எந்தப் பல் அடைத்தது, சின்ன வயதில் எந்தக் கை முறிந்தது, எந்த ஆஸ்பத்திரியில் பத்துப் போட்டது, உடம்பில் எந்த இடத்தில் செல்துண்டு இருந்தது. எக்ஸ்றேப் படமோ கிளினிக் கொப்பியோ இருந்தால் ஈரம் படாமல் வைத்து, ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். எழுதிய தாளில் திகதி போடுங்கள். மரபணு ஒப்பீட்டுக்குப் பெற்றோரின் மாதிரியே முதலில் உதவுவது. பெற்றோர் முதுமையடைந்து வருகிறார்கள், காத்திருந்தே பலர் இறந்துவிட்டார்கள். முறையான, நீங்கள் நம்பக்கூடிய ஏற்பாடு ஒன்று மாதிரி கேட்டு வரும்போது தாயும் தகப்பனும் இருவருமே கொடுக்கட்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.